கீட்ஸின் கடிதங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸ் (1795–1821) தம் குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் எழுதிய கடிதங்களின் தொகுப்பைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: கீட்ஸின் கவிதைகள் சிலவற்றைக் கல்லூரியில் பாடமாகப் படித்திருக்கிறேன். அவருடைய கடிதங்களும் அவற்றுக்கு நிகரானவை என்று விமர்சகர்கள் சொல்கிறார்களே, தம்பிக்கும் நண்பர்களுக்கும் எழுதிய கடிதங்களில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: ஆங்கிலக் கவிஞர் எவரும் எழுதிய கடிதங்களுள் இவையே மிக முக்கியமானவை என்று டி. எஸ். எலியட் எழுதியிருக்கிறார். அவர் புகழ்ந்தார் என்பதற்காக நாமும் தலையசைக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு கடிதத்தை முழுமையாகப் படித்தால் போதும், அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது விளங்கிவிடும்.

கீட்ஸின் தம்பி ஜார்ஜ் 1818ஆம் ஆண்டு கோடையில் மனைவி ஜார்ஜியானாவுடன் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். அதே ஆண்டு டிசம்பர் முதல் நாள், இன்னொரு தம்பியான டாம் காசநோயால் இறந்தார். அவரைக் கடைசிவரை அருகிலிருந்து கவனித்துக்கொண்டவர் கீட்ஸ்தான். இரண்டரை மாதம் கழித்து, 1819 பிப்ரவரி 14ஆம் தேதி, ஜார்ஜ் தம்பதியருக்கு ஒரு கடிதத்தைத் தொடங்கி, கிடைத்த பொழுதிலெல்லாம் எழுதி, மே 3ஆம் தேதி முடித்தார். அப்போது அவருக்கு வயது 23.

அந்தக் கடிதத்தில் என்னதான் இல்லை! மார்ச் 12ஆம் தேதி இரவு, மெழுகுவத்தி எரிந்து தீரும் நேரத்தில், தாம் எப்படி உட்கார்ந்து எழுதுகிறோம் என்பதைத் தம்பிக்குச் சொல்கிறார். கணப்பு நெருப்புக்கு முதுகைக் காட்டியபடி, ஒரு காலை விரிப்பின்மேல் கோணலாக வைத்து, மற்றொரு காலின் குதிகாலைச் சற்றே தூக்கி உட்கார்ந்திருக்கிறாராம். இதையெல்லாம் ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்பவருக்கு அவரே விடையும் தருகிறார்: இவை அற்பமான செய்திகள்தாம், ஆனால் எப்போதோ மறைந்துபோன ஒரு பெரிய மனிதரைப் பற்றி இப்படி ஒரு செய்தி கிடைத்தால் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கும், 'டு பி ஆர் நாட் டு பி' என்று தொடங்கும்போது ஷேக்ஸ்பியர் எப்படி உட்கார்ந்திருந்தார் என்று தெரிந்தால் எப்படி இருக்கும் என்கிறார். கடலுக்கு அப்பால் போய்விட்ட தம்பி தம்மைக் கண்முன் காண வேண்டும் என்னும் ஆசை அந்த வரிகளில் இருக்கிறது.

அதற்கு ஒரு வாரம் கழித்து, கிரிக்கெட் மட்டையைக் கையில் எடுத்த முதல் நாளே பந்து பட்டுக் கண் கன்றிப்போன செய்தி வருகிறது. நண்பர் சார்லஸ் பிரவுன் இமையின்மேல் அட்டையைக் கடிக்கவிட்டு வைத்தியம் செய்தாராம். ஏப்ரலில், ஹைகேட் பக்கம் நடக்கப் போனபோது கவிஞர் கோல்ரிட்ஜைச் சந்தித்து அவருடன் இரண்டு மைல் தூரம் நடந்த கதை வருகிறது. நைட்டிங்கேல் பறவைகள், கவிதை, கனவுகள், கடற்கன்னிகள், பேய்க்கதைகள் என்று அந்தப் பெரியவர் தொட்டுப் பேசியவற்றையெல்லாம் கீட்ஸ் வரிசையாக எழுதுகிறார். அவர் வரும்போதே குரல் கேட்டது, விலகிப் போகும்போதும் கேட்டது, இடையில் முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தது என்கிறார்.

இத்தகைய செய்திகளுக்கு நடுவில், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், 'லா பெல் டாம் சான் மெர்ஸி' என்னும் கவிதை முழுவதுமாக வருகிறது. கவிதை முடிந்தவுடன், நாயகியின் கண்களுக்கு ஏன் நான்கு முத்தங்கள் என்று தாமே கேட்டுக்கொண்டு விளையாட்டாக விடை சொல்கிறார். இரண்டு கண்களுக்கும் நியாயமாகப் பங்கிட வேண்டுமானால் இரட்டைப்படை எண் வேண்டும், ஏழு என்று வைத்திருந்தால் கண்ணுக்கு மூன்றரை அல்லவா வரும் என்பது அவர் கணக்கு. ஆங்கிலத்தின் மிகச் சிறந்த கதைப்பாடல்களுள் ஒன்றை எழுதிய கையோடு இப்படி எழுதுகிறார்.

பிறகுதான் அந்தக் கடிதத்தின் மிக ஆழமான பகுதி வருகிறது. இந்த உலகத்தைக் கண்ணீர்ப் பள்ளத்தாக்கு என்று சமயவாதிகள் சொல்வதை அவரால் ஏற்க முடியவில்லை. இது ஆன்மாக்கள் உருவாகும் பள்ளத்தாக்கு என்கிறார். பிறக்கும்போது நாம் வெறும் அறிவுப் பொறிகளே. துன்பங்களிலும் தொல்லைகளிலும் தோய்ந்து, ஒவ்வொருவரும் தமக்கே உரிய தன்மையைப் பெறும்போதுதான் ஆன்மாவாகிறோம். உலகம் பள்ளிக்கூடம், மனித இதயம் அப்பள்ளியின் அரிச்சுவடி, அதைப் படிக்கத் தெரிந்துகொண்ட பிள்ளைதான் ஆன்மா என்று அவர் விரிக்கிறார். தாய் தந்தையரை இளமையிலேயே இழந்து, ஐந்து மாதங்களுக்குள்ளாகத் தம்பியையும் இழந்திருந்த ஒருவர், உயிருடன் எஞ்சிய தம்பிக்குச் சொல்லும் சொற்கள் இவை. கட்டுரைத் தொகுப்பில் தனியாக எடுத்துப் போட்டால் இது ஒரு தத்துவக் கருத்தாக மட்டும் தெரியும். கிரிக்கெட் காயத்துக்கும் கோல்ரிட்ஜின் பேச்சுக்கும் பின்னால், கடிதத்தில் வரும் இடத்திலேயே வைத்துப் படிக்கும்போது, ஒரு மனிதர் துக்கத்திலிருந்து தாமாகவே வழி தேடிக்கொண்டது தெரிகிறது. கடிதத்தின் இறுதிப் பகுதியில் 'ஓட் டு சைக்கி' என்னும் புகழ்பெற்ற கவிதை இருக்கிறது. இதற்கு மேல் வேறு என்ன வேண்டும்?

கேள்வி: ஒரே கடிதத்தை இரண்டரை மாதம் எழுதுவானேன்?

பதில்: அமெரிக்காவுக்குக் கடிதம் கொண்டுபோகும் கப்பல் அடிக்கடி கிடைக்காது. கிடைக்கும்வரை நாட்குறிப்பைப் போலத் தொடர்ந்து எழுதி, வாய்ப்பு வந்தவுடன் அனுப்புவது வழக்கம். உள்நாட்டு அஞ்சலிலும் செலவு அதிகம். 1840க்கு முன்பு, தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்துக் கட்டணம் கணக்கிடப்பட்டது. பெரும்பாலும் பெறுபவரே அதைச் செலுத்தினார். உறை போட்டால் அதுவும் ஒரு தாளாகவே கணக்கில் சேரும். ஆகவே, எழுதிய தாளையே மடித்து, வெளிப்புறத்தில் முகவரி எழுதி, அரக்கு வைத்து ஒட்டிவிடுவார்கள். இடம் போதாவிட்டால், எழுதி முடித்த தாளைத் திருப்பி, முதலில் எழுதிய வரிகளின் குறுக்காகவே மேலும் எழுதுவார்கள். கீட்ஸும் அப்படி எழுதியிருக்கிறார்.

கேள்வி: 'நெகட்டிவ் கேப்பபிலிட்டி' என்பதைப் பற்றி விமர்சனக் கட்டுரைகளில் அடிக்கடி படிக்கிறேன். கீட்ஸ் இதை எந்த நூலில் விளக்கியிருக்கிறார்?

பதில்: எந்த நூலிலும் இல்லை. 1817 டிசம்பர் இறுதியில், டெவன்ஷயரில் தங்கியிருந்த தம்பிகள் ஜார்ஜுக்கும் டாமுக்கும் எழுதிய கடிதத்தில் ஒரே ஒருமுறை வருகிறது. அதன்பிறகு அந்தத் தொடரை அவர் எங்கும் பயன்படுத்தவில்லை.

கடிதம் தொடங்குவது எட்மண்ட் கீன் என்னும் நடிகரின் நாடகத்தைப் பற்றிய பேச்சில். பிறகு பெஞ்சமின் வெஸ்ட் வரைந்த ஓவியம் ஒன்றைப் பார்த்ததையும், நகைச்சுவையாளர்கள் கூடிய விருந்து ஒன்றில் அவர்களுடைய பேச்சு தமக்கு ஒட்டாமல் போனதையும் சொல்கிறார். பிரவுன், டில்க் ஆகிய இரு நண்பர்களுடன் கிறிஸ்துமஸ் கூத்து ஒன்றுக்குப் போய்த் திரும்பி நடந்து வந்தபோது, டில்க்குடன் பல விஷயங்களைப் பேசிக்கொண்டு வந்ததாகவும், அப்போது மனத்தில் சிதறிக் கிடந்தவை சட்டென்று ஒன்றோடொன்று பொருந்தியதாகவும் எழுதுகிறார். ஷேக்ஸ்பியரிடம் பெருமளவில் இருந்த குணம் எது என்று அப்போது புரிந்ததாம்: ஐயங்களுக்கும் புதிர்களுக்கும் நடுவில், உடனே ஓர் உறுதியான உண்மையையும் காரணத்தையும் எட்டிப் பிடித்துவிட வேண்டும் என்று பதறாமல் இருக்கக்கூடிய ஆற்றல். அதற்கு அவர் இட்ட பெயர்தான் 'நெகட்டிவ் கேப்பபிலிட்டி'. கோல்ரிட்ஜ் போன்றவர்கள், அரைகுறை அறிவோடு நிறைவடைய முடியாததாலேயே, தற்செயலாகக் கைக்கு வந்த அருமையான உண்மையையும் நழுவவிட்டுவிடுவார்கள் என்கிறார்.

இதை முழுமையாகப் புரிந்துகொள்ள, 1818 அக்டோபர் 27 அன்று நண்பர் ரிச்சர்ட் உட்ஹவுஸுக்கு எழுதிய கடிதத்தையும் சேர்த்துப் படியுங்கள். கவிஞனுக்கென்று தனியாக ஒரு சுயம் கிடையாது, அவன் பச்சோந்தியைப் போன்றவன், எந்த உருவத்துக்குள்ளும் புகுந்து வாழ்பவன் என்று அதில் சொல்கிறார். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் வரும் கொடியவன் இயாகோவைப் படைப்பதிலும் நல்லவள் இமோஜெனைப் படைப்பதிலும் அவனுக்கு ஒரே மகிழ்ச்சிதான். வேர்ட்ஸ்வர்த்தின் தன்மயமான கவிதையிலிருந்து தம்முடைய வழி எங்கே பிரிகிறது என்பதை அவர் தெளிவாகக் கண்டுகொண்ட இடம் அது.

தம்பிகளுக்கு எழுதிய அந்த 1817ஆம் ஆண்டுக் கடிதத்தின் மூலத்தாள் இன்று இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜார்ஜின் மறைவுக்குப் பிறகு ஜார்ஜியானாவை மணந்த ஜான் ஜெஃப்ரி என்பவர் 1845 வாக்கில் எடுத்த நகல்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. அவர் கவனமான நகலாளர் அல்லர். பல கடிதங்களில் வரிகளை விட்டிருக்கிறார். எத்தனையோ கட்டுரைகளுக்கு அடிப்படையான ஒரு கருத்து, அந்தக் கவனக்குறைவான கை வழியாகத் தப்பிப் பிழைத்து வந்திருக்கிறது.

கேள்வி: கடுமையான விமர்சனங்களால் மனம் உடைந்துதான் கீட்ஸ் இறந்தார் என்பது உண்மையா?

பதில்: உண்மையில்லை. அவர் காசநோயால் இறந்தார். தாயையும் தம்பியையும் கொண்டுபோனதும் அதே நோய்தான்.

1818இல் 'என்டிமியன்' என்னும் நெடுங்கவிதை வெளிவந்தபோது, 'பிளாக்வுட்ஸ்' இதழும் 'குவார்ட்டர்லி ரிவ்யூ' இதழும் அதைக் கொடூரமாகத் தாக்கின என்பது மெய். மருத்துவப் பயிற்சி பெற்றிருந்த அவருக்கு, மருந்துக் கடைக்கே திரும்பிப் போய்க் களிம்பும் மாத்திரையும் கட்டும்படி 'பிளாக்வுட்ஸ்' அறிவுரை சொன்னது. கவிஞர் ஷெல்லி தம் இரங்கற்பாவில் விமர்சகர்களையே கொலையாளிகளாக்கினார்; மற்றொரு கவிஞரான பைரன் அதைக் கேலியாக எழுதினார். இருவரின் புகழும் சேர்ந்து அந்தக் கதையை நிலைநிறுத்திவிட்டது.

கடிதங்களில் தெரியும் மனிதர் வேறு. தாக்குதல் வந்த சில வாரங்களில், பதிப்பாளர் ஹெஸ்ஸிக்கு அக்டோபரில் எழுதிய கடிதத்தைப் பாருங்கள். அழகின்மேல் கொண்ட காதலால் தம் படைப்பைத் தாமே கடுமையாக மதிப்பிடும் ஒருவனைப் புகழோ இகழோ ஒரு கணத்துக்கு மேல் பாதிப்பதில்லை என்கிறார். 'என்டிமியன்' குறையுள்ளது என்பதை விமர்சகர்களுக்கு முன்பே தாம் அறிந்திருந்ததாகச் சொல்கிறார். கரையில் நின்று வசதியான அறிவுரைகளைக் கேட்டுக்கொண்டிருக்காமல் தலைகுப்புறக் கடலில் குதித்ததால்தான் அதன் ஆழமும் மணல்திட்டும் பாறையும் தமக்குத் தெரிந்தன என்றும், மிகப் பெரியவர்களின் வரிசையில் இல்லாமல் போவதைவிடத் தோற்றுப்போவதே மேல் என்றும் எழுதுகிறார். அதே மாதம் ஜார்ஜுக்கு எழுதும்போது, இறந்த பிறகு ஆங்கிலக் கவிஞர்களின் நடுவே தமக்கு இடம் இருக்கும் என்று நினைப்பதாக அமைதியாகச் சொல்கிறார். அடுத்த அறையில் டாம் செத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. இந்தக் கடிதங்களைப் படித்த ஒருவர், விமர்சனம் அவரைக் கொன்றது என்னும் கதையை மறுபடியும் சொல்லத் துணியமாட்டார் என்றே நான் நம்புகிறேன்.

கேள்வி: காதலி ஃபேனி பிரானுக்குக் கீட்ஸ் எழுதியவற்றையும் அச்சிட்டிருக்கிறார்கள். இறந்துபோன ஒருவரின் காதல் கடிதங்களை நாம் படிப்பது முறையா? எனக்கு அது கூச்சமாக இருக்கிறது.

பதில்: அந்தக் கூச்சம் நியாயமானது. இந்தக் கேள்வியோடு ஆங்கில இலக்கிய உலகமே நெடுங்காலம் போராடியிருக்கிறது.

1848இல் கீட்ஸின் வாழ்க்கையையும் கடிதங்களையும் முதன்முதலாக நூலாக்கிய மாங்க்டன் மில்ன்ஸ், ஃபேனியின் பெயரையே வெளியிடவில்லை. ஃபேனி வேறொருவரை மணந்து பிள்ளைகளும் பெற்றுவிட்டார். ஆனாலும் கீட்ஸின் கடிதங்களைத் தாம் இறக்கும் 1865ஆம் ஆண்டுவரை பத்திரமாக வைத்திருந்தார். அவருடைய மறைவுக்குப் பிறகு, 1878இல் பக்ஸ்டன் ஃபோர்மன் அவற்றை நூலாக வெளியிட்டார். பெரும் சலசலப்பு எழுந்தது. அறுவை மருத்துவரிடம் பயிற்சிக்குச் சேர்ந்த பையன் எழுதியது போன்ற கடிதம் என்று விமர்சகர் மாத்யூ ஆர்னால்ட் ஒரு கடிதத்தைப் பழித்தார். 1885இல் அவை ஏலத்துக்கு வந்தபோது ஆஸ்கர் வைல்ட் மனம் கொதித்து ஒரு சானட் (பதினான்கு வரிக் கவிதை) எழுதினார். 1891இல் கடிதத் தொகுப்பு ஒன்றை வெளியிட்ட சிட்னி கோல்வின், அவற்றை வேண்டுமென்றே சேர்க்காமல் விட்டார்.

கோல்வினின் கண்ணியத்தை மதிக்கிறேன். அவருடைய முடிவை ஏற்க முடியவில்லை. நாற்பதுக்குச் சற்றுக் குறைவான அந்தக் கடிதங்களுள், 1819 ஜூலையில் வைட் தீவிலிருந்து எழுதியது போன்றவை உண்டு. மூன்றே கோடை நாட்கள் வாழும் வண்ணத்துப்பூச்சிகளாக நாம் இருந்திருக்கலாகாதா, ஐம்பது சாதாரண ஆண்டுகளில் அடங்காத இன்பத்தை அந்த மூன்று நாட்களில் நிரப்பியிருப்பேனே என்று ஏங்குகிறார். 1820 பிப்ரவரியில் இருமலில் இரத்தம் வந்து படுத்த பிறகு, ஹாம்ஸ்டட்டில் அதே கட்டடத்தின் அடுத்த பகுதியில் குடியிருந்த ஃபேனிக்கு அவர் அனுப்பிய சிறு குறிப்புகளும் உண்டு. நண்பர்கள் பெருமைப்படும்படியாக எந்த அழியாத படைப்பையும் விட்டுச் செல்லவில்லை, ஆனால் எல்லாவற்றிலும் உள்ள அழகின் தத்துவத்தை நேசித்தேன், காலம் கிடைத்திருந்தால் நினைவில் நிற்கும்படி செய்திருப்பேன் என்று அவர் சொன்னது இந்தக் காதல் கடிதங்களில்தான். தம் புகழ்பெற்ற 'ஓட்' கவிதைகளையெல்லாம் எழுதி முடித்துவிட்ட மனிதர் இதைச் சொல்கிறார். இக்கடிதங்களை ஒதுக்கியிருந்தால் இந்த வரியையும் இழந்திருப்போம்.

நோய் முற்றிய மாதங்களில் எழுதியவை கடுமையானவை. பிறருடன் பழகாதே என்று ஆணையிடுகிறார்; உற்ற நண்பர் பிரவுனையே சந்தேகிக்கிறார். அவற்றைப் படிக்கும்போது ஃபேனிக்காக மனம் வலிக்கிறது. இருபது வயதுகூட நிரம்பாத அந்தப் பெண் இதையெல்லாம் தாங்கிக்கொண்டு, அவற்றை எரிக்காமல் காத்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். யாருக்கு எழுதப்பட்டனவோ அவரே பாதுகாத்துப் பிள்ளைகளிடம் விட்டுச் சென்றவை என்பதால், வம்புக்காக அன்றிப் பரிவோடு படிப்பவருக்கு அவற்றைப் படிக்க உரிமை உண்டு என்பது என் முடிவு. கூச்சத்தை விட்டுவிடாதீர்கள், அதனோடே படியுங்கள்.

கேள்வி: ஃபேனியின் பதில் கடிதங்கள் கிடைக்கின்றனவா?

பதில்: கீட்ஸுக்கு அவர் எழுதியவற்றுள் எதுவும் எஞ்சவில்லை. ரோமில் கடைசி வாரங்களில் வந்தவற்றைப் பிரித்துப் படிக்கும் திடம் கீட்ஸுக்கு இல்லை. பிரிக்காமலேயே அவருடன் புதைத்தார்கள். ஆனால் கீட்ஸின் தங்கைக்கு ஃபேனி எழுதிய கடிதங்கள் 1930களில் வெளியாகின. கூர்மையான அறிவும் ஆழ்ந்த துக்கமும் கொண்ட ஒரு பெண்ணை அவற்றில் காணலாம். அதுவரை அவரை விளையாட்டுப் பெண் என்று தூற்றியவர்களுக்கு அது தகுந்த பதிலாக அமைந்தது.

கேள்வி: கீட்ஸ் எழுதிய கடைசிக் கடிதம் எது?

பதில்: 1820 நவம்பர் 30 அன்று ரோமிலிருந்து சார்லஸ் பிரவுனுக்கு எழுதியது. உலகத்திலேயே தமக்கு இப்போது மிகக் கடினமான வேலை கடிதம் எழுதுவதுதான் என்று தொடங்குகிறார். மெய்யான வாழ்க்கை முடிந்துவிட்டதாகவும், இறந்த பிறகான ஒரு வாழ்வை நடத்திக்கொண்டிருப்பதாகவும் உணர்வதாகச் சொல்கிறார்.

என்னை மிகவும் உலுக்கிய இடம் வேறு. நலமாக இருந்தபோது ஃபேனியுடன் நடந்ததை நினைத்துவிட்டு, முரண்களை அறியும் அறிவு, ஒளியையும் நிழலையும் உணரும் திறன் என்று ஒரு கவிதைக்கு வேண்டியவை எல்லாம் தம் வயிறு குணமாவதற்குப் பகையாக இருக்கின்றன என்கிறார். சாவின் வாயிலிலும் கவிதை எதனால் ஆகிறது என்று சிந்திக்கிறார். தங்கை தம் கற்பனையில் ஓர் ஆவியைப் போல நடமாடுகிறாள், அவள் அப்படியே டாமின் சாயல் என்றும் எழுதி, கடிதத்தில்கூட விடைபெற முடியவில்லை, வணங்கி விடைபெறுவது எனக்கு எப்போதும் சரியாக வந்ததில்லை என்று முடிக்கிறார். பன்னிரண்டு வாரங்கள் கழித்து, 1821 பிப்ரவரி 23 அன்று, இருபத்தைந்து வயதில் இறந்தார்.

கேள்வி: எந்தப் பதிப்பை வாங்குவது? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஆய்வு செய்பவருக்கு ஹைடர் ரோலின்ஸ் பதிப்பித்து 1958இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் வெளியிட்ட இரு தொகுதிகள். படித்து மகிழ விரும்புபவருக்கு ராபர்ட் கிட்டிங்ஸ் 1970இல் வெளியிட்ட தேர்வு போதும். கீட்ஸின் எழுத்துப் பிழைகளும் அவசரத்தில் விட்ட சொற்களும் திருத்தப்படாமல் இருக்கும் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். கை எவ்வளவு வேகமாக ஓடியது என்பது அவற்றில்தான் தெரியும்.

கடினமான கடிதங்களுக்கு முன், தங்கை ஃபேனி கீட்ஸுக்கு எழுதியவற்றைப் படிக்கலாம். காப்பாளரின் கட்டுப்பாட்டில் வளர்ந்து வந்த அந்தச் சிறுமிக்கு ஸ்காட்லாந்து நடைப்பயணத்தின் நடுவில் தம்மைப் பற்றியே ஒரு குறும்புப் பாட்டு எழுதி அனுப்புகிறார். தங்கமீன் தொட்டியைப் பற்றிக் கதை பேசுகிறார். தேவாலயத்தில் உறுதிபூசுதலுக்கு முன் அவள் கேட்ட கேள்விகளுக்கு வேத வசனங்களைத் தேடி எடுத்துப் பொறுப்பான அண்ணனாக விடை எழுதுகிறார். அதன்பிறகு 1817இலிருந்து தேதி வரிசையில் செல்லுங்கள். 1819 செப்டம்பரில் வின்செஸ்டரிலிருந்து நண்பர் ரெனால்ட்ஸுக்கு எழுதிய கடிதத்துக்கு வரும்போது மட்டும், 'டு ஆட்டம்' (இலையுதிர்காலத்துக்கு) என்னும் கவிதையைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வசந்தத்தின் குளிர்ந்த பச்சையைவிட அறுவடை முடிந்த தாள்கள் நிற்கும் வயலே தமக்குப் பிடித்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை நடக்கப் போனபோது அந்தக் காட்சி மனத்தைத் தைத்ததால் அதைப் பற்றிக் கவிதை எழுதினேன் என்று அவர் குறிப்பிடுவது அந்தக் கவிதையைத்தான்.